டிவியின் கடிகாரம் இனி யார் கையில்?

ஸ்டார் குழுமத்தின் இணைய வீடியோ ஆப்பான ஹாட்ஸ்டார் 2019-ல் ‘விஐபி’ என்றொரு சந்தாத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிரிக்கெட்டை விட்டால் அதில் இருந்த பெரிய ஈர்ப்பு, ஸ்டார் குழுமத்துச் சீரியல்களின் புது எபிசோடு டிவியில் வருவதற்கு முன்பே, காலை ஆறு மணிக்கெல்லாம் ஆப்பில் ஏறிவிடும் என்பதுதான். ஸ்டாரின் விஜய் டிவி ஓடுகிற வீடுகளில் இதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. ராத்திரி மாமியார் டிவி முன்னால் வந்து உட்காரும்போது, வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே அதைப் பார்த்து முடித்துவிட்ட மருமகளுக்கு அன்றைய முடிச்சு எப்படி அவிழும் என்று தெரிந்திருந்தது.

சேனல் நடத்துகிறவர்களுக்கு நேரம்தான் சொத்து. அந்த நேரத்தில் அத்தனை பேரும் ஒன்றாக வந்து உட்காருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் பத்து விநாடி விளம்பரத்துக்கு விலை வைக்கிறார்கள். அப்படிப்பட்ட சொத்தைச் சேனலின் உரிமையாளரே உடைத்து விற்க முன்வந்தார் என்றால், இணையம் டிவியை எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். டிவித் திரை போன் திரையாகச் சுருங்கியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எப்போது பார்ப்பது என்று முடிவு செய்கிற அதிகாரமும், யார் பார்க்கிறார்கள் என்று எண்ணுகிற அதிகாரமும் கைமாறியிருப்பது.

முதல் அதிகாரம் சேனல்களிடம் எப்படிச் சேர்ந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ வருகிற நேரத்தில் தெரு வெறிச்சோடிப்போகும் என்று அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிவி இருந்ததே சில வீடுகளில்தான். சேனலும் ஒன்றோ இரண்டோதான். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. கேபிள் வயர் மொட்டை மாடி தாண்டி மொட்டை மாடிக்குப் போனது. 1999-ல் ‘சித்தி’, 2002-ல் ‘மெட்டி ஒலி’ என்று தொடர்கள் வரிசையாகப் பிடித்துக்கொள்ள, சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரை அரை மணி அரை மணியாக வீட்டின் அட்டவணையே சன் டிவியின் அட்டவணை ஆனது. எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு நேரம்கூட விளம்பர இடைவேளையைப் பார்த்துத்தான் அமைந்தது.

துறையில் அந்த அரை மணிக்கு ‘ஸ்லாட்’ என்று பெயர். பல ஆண்டுகள் சன் டிவி இந்த ஸ்லாட்டைத் தயாரிப்பாளர்களுக்கு வாடகைக்கு விட்டது. தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டிவிட்டு, சொந்தச் செலவில் சீரியலை எடுத்து, விளம்பர நேரத்தைத் தானே விற்றுக்கொள்வார். நல்ல ஸ்லாட் கிடைத்தவர் பிழைத்தார். மதிய ஸ்லாட்டுக்குத் தள்ளப்பட்டவர் திணறினார். நேரம் அந்த அளவுக்குக் கறாரான பொருளாக இருந்தது.

அரசும் இந்தக் கட்டமைப்பைப் பெரிதாக்கியது. 2006-க்குப் பிறகு தி.மு.க. ஆட்சியில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி போனது. 2011-ல் அ.தி.மு.க. ஆட்சி அரசு கேபிளுக்கு உயிர் கொடுத்து, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. பெட்டி ஒருவர் கொடுத்தது, வயர் இன்னொருவர் கொடுத்தது. ஆகமொத்தத்தில் தமிழ்நாட்டில் டிவி ஏழை வீட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. இது சின்ன விஷயமில்லை. இன்றைக்கு நாம் எதை இழக்கக்கூடும் என்று யோசிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

அப்புறம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2014 வாக்கில் ஒரு ஜிபி டேட்டாவுக்கு சராசரியாக 250 ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த நாடு, சில ஆண்டுகளில் பத்து ரூபாய்க்கு அருகில் வந்து நின்றது. நெட்ஃப்ளிக்ஸ் அதே 2016-ன் தொடக்கத்தில் இந்தியாவுக்குள் நுழைந்தது, பிரைம் வீடியோ ஆண்டின் கடைசியில் நுழைந்தது, சன் டிவி தன் பங்குக்கு 2017-ல் சன் நெக்ஸ்ட் தொடங்கியது. ஆனால் இவற்றை எல்லாம்விடப் பெரிய மாற்றம், வீட்டில் ரிமோட்டுக்கு நடந்த சண்டை ஓய்ந்துபோனதுதான். ஒரே டிவி, நான்கு பேர், நான்கு ருசி என்று இருந்த இடத்தில் இப்போது நான்கு போன். அப்பா யூடியூபில் செய்தி சேனலின் நேரலை பார்க்கிறார், பையன் கிரிக்கெட், பெண் கொரியத் தொடர். ஹாலில் டிவி ஓடுகிறது, யாரும் அதைக் கேட்டுச் சண்டை போடுவதில்லை. சண்டை இல்லாதது நிம்மதிதான். அந்தச் சண்டை வழியாகத்தான் ஒருவர் ருசி இன்னொருவருக்குத் தெரியவந்தது என்பதும் உண்மை.

சரி, ஒளிபரப்புக்கும் இணையத்துக்கும் தொழில்நுட்பத்தில் என்ன வித்தியாசம்? இதைப் புரிந்துகொள்ள 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியைவிட நல்ல உதாரணம் கிடையாது. மழையால் தள்ளிப்போய், மே 29 ராத்திரி தொடங்கி நள்ளிரவைத் தாண்டி நடந்த ஆட்டம். சென்னைக்குக் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோகித் சர்மா பந்து வீச, ஜடேஜா முதலில் சிக்ஸர் அடித்தார், அடுத்ததில் பவுண்டரி. அந்த நொடியில் போனில் ஜியோசினிமா ஆப்பில் ஆட்டம் பார்த்தவர்கள் பலருக்கு முடிவு திரையில் தெரிவதற்கு முன்பே காதில் கேட்டது. பக்கத்து வீட்டில் கேபிளில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கத்திவிட்டார்கள். போனில் மோகித் சர்மா அப்போதுதான் ஓடிவர ஆரம்பித்திருந்தார்.

ஒளிபரப்பு என்பது கோயில் ஒலிபெருக்கி மாதிரி. ஒருமுறை பாட்டுப் போட்டால் போதும். கேட்பவர் பத்து பேரா பத்தாயிரம் பேரா என்று ஒலிபெருக்கிக்குக் கவலையில்லை, செலவும் ஒன்றேதான். செயற்கைக்கோளிலிருந்து ஒரே அலைவரிசை இறங்குகிறது, டிஷ் வைத்தவர் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். இணையத்தில் அப்படி இல்லை. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நகல் அனுப்ப வேண்டும். மைதானத்திலிருந்து வரும் காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் தரம் கூடியது, குறைந்தது என்று பல பதிப்புகளாக மாற்றி, ஊர் ஊராக வைத்திருக்கும் சர்வர்களில் நிரப்புகிறார்கள். உங்கள் போனில் இருக்கும் ஆப் அந்த நேரத்தில் சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்த்து, எந்தத் தரத்துத் துண்டு வேண்டும் என்று கேட்டு வாங்குகிறது. படம் நடுவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக நான்கைந்து துண்டுகளை முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொண்டுதான் ஓட்டவே ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டுக் கத்தலுக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் இருந்த தாமதம் இப்படித்தான் வந்தது. சட்டென்று படம் மங்கலாகிப் பிறகு தெளிவாவதும் இதனால்தான். சிக்னல் குறைந்ததும் ஆப் மட்டமான துண்டுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அன்று ஒரே சமயத்தில் 3.2 கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்று ஜியோசினிமா திரையிலேயே காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ஹாட்ஸ்டாரில் இந்த எண்ணிக்கை 5.9 கோடியைத் தொட்டது. அத்தனை பேருக்கும் தனித்தனி நகல் போய்க்கொண்டிருந்தது என்று நினைத்துப் பார்த்தால், இதன் பின்னால் எவ்வளவு பெரிய ஏற்பாடு இருந்திருக்க வேண்டும் என்பது தெரியும். பணமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 2022-ல் நடந்த ஐபிஎல் ஏலத்தில் ஐந்து ஆண்டுகளுக்கான இந்தியத் துணைக்கண்டத்து டிவி உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. இந்திய டிஜிட்டல் உரிமையின் இரண்டு தொகுப்புகளும் சேர்ந்து 23,758 கோடிக்குப் போயின. டிஜிட்டல் டிவியை முந்திய இடம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

திரையில் தெரிந்த அந்த எண்ணிக்கையிலிருந்துதான் இரண்டாவது அதிகாரத்துக்கு வர வேண்டும். டிவியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது எந்தக் காலத்திலும் யாருக்கும் சரியாகத் தெரிந்ததில்லை. 2015 முதல் பார்க் என்ற அமைப்பு அதைக் கணக்கிடுகிறது. இருபது கோடிக்கும் மேற்பட்ட டிவி வீடுகள் உள்ள நாட்டில், ஏறத்தாழ 58,000 வீடுகளில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் பதித்து அனுப்புவார்கள்; மீட்டர் அதைக் கேட்டு எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் யார் பார்க்கிறார்களோ அவர் தன் பொத்தானை அழுத்த வேண்டும். வாரா வாரம் வியாழக்கிழமை எண்கள் வெளியாகும். ஒரு சீரியல் தொடருமா நிற்குமா, கதாநாயகியை மாற்றலாமா என்பதெல்லாம் அந்த வியாழக்கிழமைக்குக் காத்திருக்கும். மாதிரி வீடுகள் குறைவு என்பதால் அவற்றைக் கண்டுபிடித்துக் காசு கொடுத்துச் சேனலை ஓடவிடச் சொன்னார்கள் என்ற வழக்கு 2020-ல் மும்பையில் வெடித்தது. அதன்பின் செய்தி சேனல்களின் மதிப்பீட்டை பார்க் நிறுத்திவைத்து, 2022 மார்ச்சில்தான் மறுபடி வெளியிட ஆரம்பித்தது.

ஆப்பில் மாதிரி வீடு என்ற பேச்சே இல்லை. எந்த நிமிஷத்தில் வெளியே போனீர்கள், எந்தக் காட்சியைத் தள்ளிவிட்டீர்கள், எதைத் திரும்பப் பார்த்தீர்கள் என்று எல்லாமே பதிவாகிறது. சீரியல்களில் ஒருவர் அதிர்ச்சியான சேதி சொன்னதும், கூடத்தில் நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் மூன்று தடவை காட்டுவார்களே, அது அரை மணி ஸ்லாட்டை நிரப்பப் பிறந்த உத்தி. டிவியில் அதை யாரும் தள்ளிவிட முடியாது. போனில் பத்து விநாடி முன்னே தள்ளுகிற பொத்தானை விரல் தானாகத் தட்டிவிடுகிறது. அந்தத் தட்டலும் எங்கோ ஒரு கணக்கில் ஏறிவிடுகிறது. சீரியல்காரர்களுக்கு இதைவிட நேரடியான விமர்சனம் கிடைக்காது. ஆனால் இந்தக் கணக்கு பார்வையாளருக்கோ வெளியாட்களுக்கோ தெரிவதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பார்க் எண்ணில் ஆயிரம் குறை சொல்லலாம். குறை சொல்வதற்காகவாவது அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஒரு ஓடிடி தளம் தன் நிகழ்ச்சி ‘பெரிய வெற்றி’ என்று சொன்னால், அதை நாம் அப்படியே நம்ப வேண்டியதுதான்.

டிவி இணையத்திடம் தோற்றுக்கொண்டே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். சன் டிவியில் சீரியல் பார்க்கும் பழக்கமே இல்லாத கல்லூரிப் பையன்கள்கூட அவருடைய அதட்டலை ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் திடீரென இறந்தபோது, ஒரு எபிசோடுகூட முழுசாகப் பார்க்காதவர்களும் உண்மையாகவே வருந்தினார்கள். அந்தப் பாத்திரம் பிறந்தது பழைய பாணி தினசரித் தொடரில். அதை ஊரெங்கும் கொண்டுபோனவை அரை நிமிஷத் துண்டுகள். இன்று சீரியல் எழுதுகிறவர்கள் அந்தத் துண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள் என்று காலையில் யூடியூபில் ஏறுகிற புரோமோக்களைப் பார்த்தாலே தெரிகிறது.

பிக் பாஸும் அப்படித்தான். 2017-ல் தமிழில் தொடங்கியபோதே கூகுள் தேடலில் போய் ஓட்டுப் போடும் ஏற்பாடு இருந்தது. பிறகு ஓட்டு ஹாட்ஸ்டார் ஆப்புக்குள் வந்தது. 2022-ல் ‘பிக் பாஸ் அல்டிமேட்’ 24 மணி நேரமும் ஓடிடியில் மட்டுமே வந்தது. டிவியில் ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கிக் காட்டுவதை நம்பாமல், நேரலையைப் பார்த்து, ‘எடிட்டிங்கில் எதை மறைத்தார்கள்’ என்று வாதாடுகிற ஒரு கூட்டம் உருவானது. பார்வையாளர் எடிட்டரைக் கேள்வி கேட்பது தமிழ் டிவிக்குப் புதுசு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த மாற்றத்தைத் தெருவில் நின்று பார்க்க வேண்டுமென்றால் கேபிள்காரரோடு அரை நாள் சுற்ற வேண்டும். எங்கள் தெருவில் கேபிள் நடத்துகிற அண்ணன் முன்பு ஏணியும் கட்டிங் பிளேயருமாக வருவார். இப்போது அவர் தோளில் ஃபைபர் ஒட்டுகிற மெஷின் தொங்குகிறது. மழைக்கு அறுந்த ஃபைபரின் மேலுறையை உரித்து, முடியைவிட மெல்லிய இழையை ஸ்பிரிட்டில் துடைத்து, கத்தரிக்கும் கருவியில் நேராக வெட்டி, இரண்டு முனையையும் மெஷினுக்குள் எதிரெதிராக வைத்து மூடுவார். சின்னத் திரையில் இரண்டு இழையும் பெரிதாகத் தெரியும். ஒரு பொறி, ஒட்டிவிடும். “முன்னாடி சேனல் வரலைன்னு போன் வரும் தம்பி. இப்ப நெட் வரலைன்னுதான் வருது. சேனல் வரலைன்னா நாலு நாள் கழிச்சுத்தான் சொல்றாங்க” என்றார்.

அவருக்கு முதல் அடி 2019 பிப்ரவரியில் விழுந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புது விதியின்படி, பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்றானது. அதற்கு மேல் முதல் 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணமாக அப்போது 130 ரூபாயும் வரியும் இருந்தன. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடைமுறையில் பல வீடுகளுக்கு பில் ஏறியது. எந்தச் சேனலை எடுப்பது என்று தெரியாமல் மக்கள் குழம்பினார்கள். அந்தக் குழப்பத்தின் நடுவில் கையில் இருந்த போனில் எல்லாமே ஓடிக்கொண்டிருந்தது. கட்டண டிடிஎச் வாடிக்கையாளர்கள் 2021 வாக்கில் ஏறத்தாழ 7 கோடி இருந்தார்கள். 2024 கடைசியில் 6 கோடிக்கும் கீழே போய்விட்டார்கள். அண்ணன் மாதிரி ஆட்கள் பிழைத்திருப்பது அதே கம்பத்தில் இணையத்தைக் கொண்டுபோனதால்தான். வயர் இழுக்கத் தெரிந்தவருக்கு எந்தக் காலத்திலும் வேலை உண்டு என்றாலும், வருமானம் இப்போது பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் விலையைப் பார்த்தே அமைகிறது.

பார்க்கிறவருக்குச் செலவு குறைந்ததா? முதலில் குறைந்தது. 2023-ல் ஐபிஎல்லை முழுசாக இலவசமாகவே காட்டினார்கள். 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனபின், அந்த முழு இலவசம் போய், சந்தாவோ ரீசார்ஜ் திட்டமோ வேண்டும் என்றாகிவிட்டது. பிரைம் வீடியோ அதே ஆண்டு ஜூனிலிருந்து சந்தா கட்டியவர்களுக்கும் விளம்பரம் காட்டுகிறது. வேண்டாமென்றால் தனியாக இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டும். ஒரு படம் ஒரு ஆப்பில், அடுத்த படம் வேறு ஆப்பில், கிரிக்கெட் மற்றொன்றில். எல்லாவற்றையும் கட்டாகச் சேர்த்து விற்கிற திட்டங்களை இப்போது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விளம்பரப்படுத்துகின்றன. கேபிள் பேக்கேஜ் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் 70 ரூபாய்க்கு அல்ல.

இதில் எனக்கு உண்மையாகவே கவலையளிப்பது வயதானவர்கள் விஷயம். பழைய டிவியை அம்மா ஒரே பொத்தானில் போட்டுவிடுவார். விட்ட இடத்துச் சேனல் வரும். ஸ்மார்ட் டிவி வந்தபின் முதலில் வருவது படங்கள் அடுக்கிய ஒரு முகப்பு. ஆப்பைத் திறந்தால் ‘யார் பார்க்கிறீர்கள்’ என்று கேட்கிறது, பாதி நாள் மறுபடி லாகின் கேட்கிறது, ஓடிபி என் போனுக்கு வருகிறது. நான் அலுவலகத்தில் இருந்தால் அம்மாவுக்கு அன்று மதியம் சீரியல் இல்லை. “என் வீட்டு டிவியப் போடறதுக்கு உன்கிட்ட நம்பர் கேக்கணுமாடா?” என்று கேட்டார். கேள்வியில் தப்பே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்வை மங்கியவரும் சுலபமாகப் பயன்படுத்திய சாதனத்தை, ஆங்கிலம் தெரிந்து, மின்னஞ்சலும் வைத்திருந்து, கடவுச்சொல்லையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கான சாதனமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதைச் சரிசெய்வது தொழில்நுட்பத்துக்குக் கஷ்டமே இல்லை. பெட்டியைப் போட்டதும் நேராக ஒரு சேனல் ஓட வேண்டும் என்று வடிவமைத்தால் போதும். அப்படிச் செய்தால் முகப்பில் விளம்பரப் படங்களை அடுக்க முடியாது என்பதுதான் தடை.

கூட்டாகப் பார்க்கிற நிகழ்ச்சிகளுக்கு ஒளிபரப்புதான் சிக்கனம் என்பதால், அதைப் போனுக்குள்ளும் கொண்டுவரும் முயற்சி இப்போது நடக்கிறது. டேட்டா இல்லாமல், சிம் இல்லாமல், கோபுரத்திலிருந்து நேராகப் போனுக்கே ஒளிபரப்புகிற ‘டைரக்ட் டு மொபைல்’ முறையை, தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதி, கான்பூர் ஐஐடியோடு சேர்ந்து சோதித்துவருகிறது. பெங்களூருவிலும் டெல்லியிலும் பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. போனுக்குள் இதற்கென்று ஒரு சிப் வேண்டும். அதற்கு யார் செலவு செய்வது என்று போன் தயாரிப்பவர்கள் இழுக்கிறார்கள். டேட்டா விற்பனை குறையும் என்பதால் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் இதில் விருப்பமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் போய், போன் சிக்னலும் போய், அடுத்த தெருவில் தண்ணீர் எவ்வளவு என்றுகூடத் தெரியாமல் கிடந்தவர்கள் ஏராளம். கையில் சார்ஜ் உள்ள போன் இருந்தும் செய்தி வரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் நேராகப் போனுக்கு வருகிற ஒளிபரப்பு தேவைப்படும். அந்தச் சிப்புக்கான செலவை அரசு ஏற்றாலும் தகும் என்பது என் எண்ணம்.